உருகிய கசடு எப்படிச் சிமெண்ட் ஆகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெடிமிக்ஸ் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். "கலவையில் கசடு சேர்க்கிறீர்களாமே, அது இரும்பாலைக் குப்பைதானே?" என்று வீடு கட்டுகிறவர்கள் கேட்காத வாரமே இல்லை. ஃபோனில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் வசதி. கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. சில பதில்கள் நீளம், விஷயம் அப்படி.

கசடு என்பது என்ன? எங்கிருந்து வருகிறது?

இரும்புத் தாதில் இரும்பு மட்டும் இருப்பதில்லை. மணலும் களிமண்ணும் ஒட்டிக்கொண்டே வரும். வேதியியலில் சொன்னால் சிலிக்கா, அலுமினா. இரும்பு உருக்கும் ஊதுலையில் எரியும் கல்கரியின் (சுட்டெடுத்த நிலக்கரி) சாம்பலும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். இவற்றைத் தனியாக உருக்குவது லேசான காரியமில்லை. அதனால் சுண்ணாம்புக்கல்லையும் டோலமைட்டையும் உலைக்குள் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பு போய் மணலோடும் அலுமினாவோடும் சேர்ந்ததும், சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் எல்லாம் ஓடும் குழம்பாகிவிடும். உருகிய இரும்பு கனமானது, அடியில் தங்கும். கசடின் அடர்த்தி அதில் பாதிகூட இல்லை என்பதால் மேலே மிதக்கும்.

நம் நாட்டுத் தாதில் அலுமினா அதிகம், நிலக்கரியில் சாம்பலும் அதிகம். அதனால் ஒரு டன் இரும்புக்கு ஏறக்குறைய 300 முதல் 400 கிலோ வரை கசடு வரும். ஒரு பெரிய ஊதுலை நாளொன்றுக்கு 10,000 டன் இரும்பு தந்தால், கூடவே 3,000, 4,000 டன் கசடும் வெளியே வந்து நிற்கும். கொட்டிவைக்க ஆரம்பித்தால் சில வருடங்களில் குன்றுதான்.

அப்படியானால் குப்பைதானே?

அதில் இருப்பவை சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா, மக்னீசியா. சாதாரண சிமெண்டான போர்ட்லண்ட் சிமெண்டிலும் இதே நான்கு உண்டு, விகிதம்தான் வேறு. சிமெண்டில் சுண்ணாம்பு 60 சதவீதத்துக்கு மேல். ஊதுலைக் கசடில் 30 முதல் 40 சதவீதம் வரை. இதைக் குப்பை என்று சொன்னால் தவிட்டைக் குப்பை என்று சொல்கிற மாதிரி.

ஆனால் "கசடு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் பிரச்சினைதான். யாராவது உங்களிடம் கசடு விற்க வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த உலையில் வந்தது? எப்படி ஆற வைத்தது? கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள்தான் அடங்கும்.

கொதிக்கும் குழம்பு எப்படிப் பொருளாக மாறுகிறது?

உலையின் அடிப்பக்கத்தில் களிமண் கலவையால் அடைத்த துளை ஒன்று இருக்கும். அதைத் துளைபோட்டுத் திறந்ததும் இரும்பும் கசடும் சேர்ந்தே ஒரு வாய்க்காலில் ஓடிவரும். வாய்க்காலின் குறுக்கே ஒரு தடுப்பு. அதன் அடியில் உள்ள இடைவெளி வழியே இரும்பு போய்விடும். மேலே மிதந்து வரும் கசடு தடுப்பில் முட்டிப் பக்கவாட்டு வாய்க்காலில் வழியும். எளிய ஏற்பாடுதான். ஆனால் ஆலையின் பத்திரமே அதில்தான் இருக்கிறது. கசடோடு இரும்பும் கலந்து போய்த் தண்ணீரில் விழுந்தால் வெடிக்கும்.

கசடு வாய்க்கால் முடியும் இடத்தில், வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு பெட்டியிலிருந்து தண்ணீர் அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும். அந்தத் தாரையின் மேல் கசடு விழ வேண்டும். விழுந்த கணமே சிதறி, சில நொடிகளில் 1,400 டிகிரிக்கு மேலிருந்து நூறு டிகிரிக்குக் கீழே வந்துவிடும். ஒரு டன் கசடுக்கு 6 முதல் 10 டன் தண்ணீர் ஓட வேண்டியிருக்கும். அதில் பெரும்பகுதியை ஆறவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். மேலே எழும் நீராவியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். நவீன ஆலைகளில் அந்த ஆவியை ஒரு கோபுரத்துக்குள் பிடித்துக் குளிர்வித்துவிடுகிறார்கள். பழைய ஆலைகளின் பக்கம் போனால் அடிக்கும் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம் அந்த வாயுதான்.

தண்ணீரும் மணியுமாக வரும் அந்தக் கலவை, வலை போர்த்திய சுழலும் உருளைக்குள் போகும். தண்ணீர் வடிந்துவிட, மணிகள் கன்வேயரில் ஏறிக் களத்துக்குப் போகும். ஒரு கை அள்ளிப் பார்த்தால் வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான மணிகள், எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். கையை மூடி அழுத்தாதீர்கள், கண்ணாடி, குத்தும்.

அப்புறம் காயவைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துணுக்குகளைக் காந்தத்தால் பிரித்து, அரைவைக்கு அனுப்புவார்கள். அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் கட்டிகளைவிடக் கசடு அரைபடக் கஷ்டம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 16714 படி ஒரு கிலோ தூளின் மொத்தப் பரப்பு 320 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அப்படி அரைத்து வரும், கிட்டத்தட்ட வெள்ளையான மாவுதான் நாங்கள் ஜி.ஜி.பி.எஸ். என்று சொல்லும் கசடுத் தூள்.

ஏன் இவ்வளவு அவசரமாகக் குளிர்விக்க வேண்டும்? தானே ஆறட்டும் என்று விட்டால் என்ன?

விட்டால் கல்லாகிவிடும். உருகிய நிலையில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் அலைகின்றன. மெதுவாக ஆறினால் ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்து படிகமாகும். படிகம் ஆனது ஆனதுதான். தண்ணீர் பட்டாலும் சும்மா கிடக்கும். சட்டென்று குளிர்வித்தால் இடம் தேட நேரமே கிடைக்காது. அந்த ஒழுங்கின்மையோடு அப்படியே உறைந்து கண்ணாடி ஆகிவிடும். பின்னால் சுண்ணாம்பும் தண்ணீரும் சேரும்போது வினைபுரிய அதனிடம் சரக்கு மிச்சமிருக்கும்.

இதனால்தான் சிமெண்டுக்கு வாங்கும் கசடு மணியில் கண்ணாடி 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று ஐ.எஸ். 12089 சொல்கிறது. வேதிப் பகுப்பாய்வை மட்டும் பார்த்தால் மெதுவாக ஆறியதும் வேகமாக ஆறியதும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒன்று சிமெண்ட், இன்னொன்று ஜல்லி. வித்தியாசம் அந்தச் சில நொடிகளில் நடந்தது.

மெதுவாக ஆறிய கசடு வீண்தானா?

இல்லை. குழியில் கொட்டி ஆறவிட்டு, உடைத்துச் சலித்தால் நல்ல ஜல்லி. மேற்பரப்பில் சிறுசிறு துளைகள் இருப்பதால் தண்ணீரைக் கொஞ்சம் அதிகம் குடிக்கும். கலவை போடும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சாலை அடித்தளத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

உருகிய கசடின் மேல் காற்றையோ நீராவியையோ வேகமாக ஊதினால் நூல் நூலாகப் பிரிந்து பஞ்சாகும். பாய்லர், குழாய்களைச் சுற்றி வெப்பம் போகாமல் போர்த்தும் கசடுப் பஞ்சு அப்படி வருவதுதான்.

கசடுத் தூளை மட்டும் தண்ணீரில் கலந்தால் இறுகுமா?

இறுகும், ஆனால் அது இறுகுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். மழையில் மாதக்கணக்கில் கிடந்த கசடு மணிக் குவியல் தானாகவே கட்டி தட்டிப்போவது களத்தில் சகஜம். நடைமுறைக்கு அதைத் தூண்டிவிட ஒரு காரம் வேண்டும். போர்ட்லண்ட் சிமெண்ட் தண்ணீரில் வினைபுரியும்போது நீர்த்த சுண்ணாம்பு வெளிவருகிறது. கசடுத் தூள் அதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். சாதாரணக் காங்கிரீட்டில் பெரிதாகப் பயன்படாமல் தங்கிவிடும் அந்தச் சுண்ணாம்பு, இங்கே பலமாக மாறுகிறது.

சிமெண்டே இல்லாமல் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிகேட் போன்ற காரங்களால் தூண்டியும் காங்கிரீட் செய்யலாம். கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி 1950களிலேயே இதை வளர்த்தெடுத்தார். ஆனால் அந்தக் காரம் கையைப் பொத்துப்போகச் செய்யும். வீட்டு வேலைக்குச் சட்டி தூக்குகிறவர்களிடம் கொடுக்கும் பொருள் இல்லை.

இது புதுச் சரக்கா? நம்பி வீடு கட்டலாமா?

எமில் லாங்கன் என்ற ஜெர்மானியர், தண்ணீரில் குளிர்வித்த கசடுக்கு இறுகும் குணம் உண்டு என்று 1862-ல் கண்டுபிடித்தார். அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் கடல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டி 1986-ல் திறந்த ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணையின் காங்கிரீட் கசடு சிமெண்டால் ஆனது. நாட்டின் கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பவர்கள், கடலுக்கு எதிரே நிற்கும் கட்டடத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் கிழக்கு மாநிலங்களிலும் கசடு சிமெண்ட் தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. இரும்பாலைகள் அங்கே அதிகம். தமிழ்நாட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்தான் பழக்கம் என்பதால் கசடு நமக்குப் புதிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பலம் குறையுமா?

எந்த நாளில் என்று கேட்க வேண்டும். சிமெண்டில் பாதியை எடுத்துவிட்டுக் கசடுத் தூள் சேர்த்த கலவை, மூன்றாம் நாளில் வெறும் ஓ.பி.சி. (வேறெதுவும் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்) கலவையின் பாதிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஏழாம் நாளிலும் பின்தங்கியே இருக்கும். 28 நாளில் ஏறக்குறையப் பிடித்துவிடும். 56, 90 நாளில் தாண்டிப் போகும். சோதனைக்காக வார்த்த காங்கிரீட் கட்டியை, அதாவது கியூபை, உடைக்கும் மெஷினில் தினமும் பார்க்கிற விஷயம் இது. ஏழாம் நாள் ரிசல்ட்டைப் பார்த்துப் பதறிப்போய் ஃபோன் செய்யும் சைட் இன்ஜினியர்களிடம் "28 வரட்டும் சார்" என்பதுதான் எங்கள் வழக்கமான பதில். ஆனால் அந்தப் பதிலுக்குள்ளே ஒளிந்துகொள்ளவும் கூடாது. ஏழாம் நாளில் எவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே சோதனைக் கலவை போட்டு ஆலை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத ஆலையிடம் வாங்காதீர்கள்.

வெயில் நமக்கு ஒரு வகையில் உதவி. கசடின் வினை சூட்டுக்கு நன்றாகவே வேகமெடுக்கும். ஐரோப்பியக் குளிரில் தவங்கும் கலவை மதுரை வெயிலில் சுறுசுறுப்பாகவே இறுகும். ஊட்டி, கொடைக்கானலில் மார்கழியில் தளம் போடுகிறவர்கள் மட்டும் கசடின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்? சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்?

வேறெதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

காங்கிரீட் வேலைக்கான தர விதியான ஐ.எஸ். 456 படி சாதாரண ஓ.பி.சி. காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், கசடோ சாம்பலோ கலந்ததற்குக் குறைந்தது 10 நாள். வறண்ட, வெப்பமான இடங்களில் கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பாதி வருடம் அந்த வகைதான், அதனால் 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். கோட்டைவிடுவது தூணில்தான். காலையில் ஒரு குழாய், மாலையில் ஒரு குழாய் என்று பீய்ச்சிவிட்டுப் போனால் நடுவில் வெயில் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். சாக்கைச் சுற்றிக் கட்டி, அது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் தூண்களின் மேல்தோல் விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்தது. கசடு போட்டதால்தான் இப்படி என்று எங்கள் மேல் புகார். அதே லாரியில் போன கலவையிலிருந்து எடுத்த கியூப், தொட்டித் தண்ணீரில் கிடந்தது, 28-ஆம் நாள் குறையில்லாமல் நின்றது. தூண்களுக்கு மூன்றாம் நாளோடு தண்ணீர் நின்றுபோயிருந்தது. மெதுவாக வினைபுரியும் பொருளுக்குப் பாதியில் தண்ணீரை நிறுத்தினால், மிச்ச வேலை நடக்காது.

சென்ட்ரிங் பிரிக்கும் கணக்கும் அதே ரகம். 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்று ஐ.எஸ். 456 சொல்வது ஓ.பி.சி.க்கு. கசடு கலந்திருந்தால் நாளைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் இன்ஜினியர் கியூப் பலத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். மேஸ்திரிக்கு அடுத்த சைட்டில் பலகை தேவைப்படுகிறது என்பதற்காகப் பிரிக்க விடாதீர்கள்.

பலகையைப் பிரித்தால் காங்கிரீட் நீலப் பச்சையாகத் தெரிகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. கசடில் உள்ள கந்தகம் சல்ஃபைடாக இருப்பதால் வரும் நிறம். கியூபை உடைத்தால் உள்ளே கரும்பச்சை, லேசான முட்டை வாடை. உடைந்த துண்டைச் சோதனைக்கூட ஜன்னலில் வைத்துவிட்டால் காற்றுப் பட்ட பக்கம் சில நாளில் வெளுத்துவிடும். உங்கள் தூணும் வெளுத்துவிடும். சொல்லப்போனால் முழுக்கக் காய்ந்தபின் கசடு காங்கிரீட் சாதாரணத்தைவிட வெளிர் நிறம்தான். பெயிண்ட் அடிப்பதற்குமுன் நிறம் போகும்வரை காத்திருங்கள்.

கடலோரம் வீடு. உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கசடு கலவையைத்தான். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது குளோரைடு. கசடு சேரும்போது உள்ளே உள்ள நுண்துளைகள் இன்னும் சிறிதாகி, உப்பு உள்ளே நுழைவது வெகுவாக மெதுவாகும். நுழைந்த குளோரைடிலும் ஒரு பகுதியைக் கசடின் அலுமினா கட்டிப்போட்டுவிடும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சல்ஃபேட் அதிகமுள்ள இடங்களிலும், கழிவுநீர்த் தொட்டிகளிலும் இதே காரணங்களால் நன்றாக நிற்கும். இதற்குக் கசடு கணிசமாக, பாதியாவது இருக்க வேண்டும். பேருக்கு 15, 20 சதவீதம் கலந்துவிட்டுக் கடலோரக் கலவை என்று விற்றால் ஏமாற வேண்டாம்.

ஒரு குறையும் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காங்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே உள்ளே போகும். கசடு காங்கிரீட்டில் இது சற்று வேகமாக நடக்கும், சரியாகத் தண்ணீர் காட்டாவிட்டால் இன்னும் வேகம். ஆகவே கம்பிக்கு மேல் விடும் கவர் அளவில் கஞ்சத்தனம் கூடாது.

கனமான அஸ்திவாரம் போடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: சூடு குறைவாகக் கிளம்பும். ஒரு மீட்டருக்கு மேல் தடிமனான ராஃப்ட் அஸ்திவாரத்தில் நடுப்பகுதி சூடேறி வெடிப்பது பெரிய தலைவலி. அங்கே கசடுதான் மலிவான மருந்து.

லாரி லாரியாக எஃகுக் கசடு மலிவாகக் கிடைக்கிறது. மனையை மேடாக்கப் போடலாமா?

போடாதீர்கள். குறைந்தபட்சம், கேட்காமல் போடாதீர்கள்.

ஊதுலையில் வருவது இரும்பு. அதை ஆக்சிஜன் ஊதி எஃகாக்கும்போது இன்னொரு கசடு வரும். அதன் குணம் வேறு. கனம் அதிகம், இரும்பு ஆக்சைடு உண்டு, முக்கியமாக, வினைபுரியாமல் மிச்சமான சுண்ணாம்பு அதில் தங்கியிருக்கும். அந்தச் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் பட்டால் நீர்த்த சுண்ணாம்பாகி, கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மக்னீசியா இருந்தால் அதுவும் ஊதும், அதுவும் வருடக்கணக்கில் மெதுவாக. தரைக்கு அடியில் இதைக் கொட்டி மேலே டைல்ஸ் போட்டால், இரண்டு மூன்று மழைக்காலம் கழித்துத் தரை தூக்கிக்கொள்ளும். சுவர் விரியும். அப்போது விற்றவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. திறந்தவெளியில் பரப்பி மாதக்கணக்கில் மழையும் வெயிலும் பட விடுவது பழைய முறை. நீராவி செலுத்தி அந்த வேலையைச் சில நாட்களிலேயே முடிப்பது புது முறை. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் அப்படித்தான் பக்குவப்படுத்தி விற்கிறது. பக்குவப்பட்ட எஃகுக் கசடு சாலைக்கு அருமையான ஜல்லி. முரட்டுத்தனமும் கனமும் சக்கரத் தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கும். சூரத் அருகே ஹசிராவில் 2022-ல் ஆறுவழிச் சாலை ஒன்றை சுமார் ஒரு லட்சம் டன் எஃகுக் கசடால் போட்டார்கள். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் மேற்பார்வையில், வழக்கமான தடிமனில் 30 சதவீதம் குறைத்துப் போட்டது அது. அருணாசலப் பிரதேசத்திலும் எல்லைச் சாலைகள் அமைப்பு இதைப் பயன்படுத்தியிருக்கிறது.

ஆனால் சாலை வேறு, வீடு வேறு. ஜல்லி, மணலுக்கான தர விதியை 2016-ல் திருத்திய ஐ.எஸ். 383, கம்பி போட்ட காங்கிரீட்டில் எஃகுக் கசடு ஜல்லி கூடவே கூடாது என்கிறது. கம்பியில்லாக் காங்கிரீட்டில் 25 சதவீதம் வரை சரி. எழுதியவர்களுக்கு அந்த ஊதல் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆற்று மணலுக்குப் பதில் கசடு மணல் போடலாமா?

ஊதுலைக் கசடு மணியையே கூர்முனைகள் மழுங்கும்படி லேசாக உடைத்துச் சலித்தால் மணல். கர்நாடகத்தின் தோரணகல்லுவில் இருக்கும் இரும்பாலை இதை விற்பனைக்கே செய்கிறது. களிமண், தூசு இருக்காது என்பது பெரிய நன்மை. எடை கொஞ்சம் குறைவு என்பதால் சட்டிக் கணக்கில் போடுகிறவர்களுக்கு அளவு தப்பும்.

மேலே சொன்ன அதே ஐ.எஸ். 383, கம்பிக் காங்கிரீட்டில் மணலில் 25 சதவீதம் வரை, கம்பியில்லாததில் 50 சதவீதம் வரை ஊதுலைக் கசடை அனுமதிக்கிறது. எம்-சாண்டோடு கலந்து போடுங்கள்.

தூத்துக்குடியில் கிடக்கும் தாமிரக் கசடு?

அது முற்றிலும் வேறு பொருள். தாமிரம் உருக்கும்போது தாதிலுள்ள இரும்பு சிலிக்காவோடு சேர்ந்து வருவது. கறுப்பு, பளபளப்பு, மணலைவிட நல்ல கனம். சுண்ணாம்பு மிகக் குறைவு என்பதால் சிமெண்ட் குணத்தை எதிர்பார்க்க முடியாது. மணலுக்கு மாற்றாகக் கம்பிக் காங்கிரீட்டில் 35 சதவீதம் வரை ஐ.எஸ். 383 ஏற்கிறது. கப்பல் தகடுகளில் துருவைச் சுரண்ட ஊதித் தெளிக்கவும் பயன்படும்.

உப்பாற்று ஓடையின் கரையில் குவித்த கசடை அகற்றவில்லை என்பது, 2018-ல் அங்குள்ள ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு அனுமதி மறுத்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன காரணங்களில் ஒன்று. பயனுள்ள பொருள்தான் என்பது, எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம் என்பதற்கு உரிமம் ஆகாது. நீர்வழியில் கொட்டினால் எந்தக் கசடும் தொல்லைதான்.

எங்கள் ஊர்க் காட்டில் கருகிய சிட்டக்கல் நிறையக் கிடக்கிறது. அதை அரைத்தால் சிமெண்ட் ஆகுமா?

கொங்கு நாட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வரும் கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வி. பழைய காலத்தில் கரியும் தாதும் போட்டுத் துருத்தி ஊதி இரும்பு எடுத்த இடங்கள் அவை. கொடுமணல் அகழாய்விலும் அப்படிப்பட்ட உலைகள் வெளிவந்தன. அந்த உலையின் சூடு இரும்பை உருக்கும் அளவுக்குப் போகவில்லை, சுண்ணாம்பும் சேர்க்கவில்லை. அதனால் தாதிலிருந்த இரும்பில் பெரும்பங்கு சிலிக்காவோடு ஒட்டிக் கசடிலேயே தங்கிவிட்டது. தாமிரக் கசடின் நெருங்கிய உறவினர் என்று சொல்லலாம். சிமெண்ட் ஆகாது. சித்த வைத்தியத்தில் மண்டூரம் என்று எடுப்பது இந்தப் பழைய இரும்புக் கிட்டத்தைத்தான். நிறையக் கிடந்தால் அள்ளிப் பள்ளம் நிரப்பாமல் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, எவ்வளவு நிஜம்?

ஒரு டன் கிளிங்கர் செய்தால் 800 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதுகூட இல்லை. சுண்ணாம்புக்கல் சுடும்போது தானே விடுவது. கசடில் அந்தச் சுண்ணாம்பு ஏற்கெனவே இரும்பு ஆலையில் சுட்டாகிவிட்டது. காயவைக்கவும் அரைக்கவும் ஆகும் மின்சாரம்தான் புதுச் செலவு. இரும்பு உருக்கியதில் வந்த புகையில் கசடின் பங்கையும் எழுத வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நியாயமான வாதம்தான், எழுதினாலும் கிளிங்கரைவிடக் குறைவாகவே வரும்.

எனக்கு உறுத்துவது வேறு. 1,500 டிகிரியில் ஒரு டன் கசடு சுமந்து வரும் வெப்பம், நல்ல நிலக்கரி சுமார் 60 கிலோவை எரித்த வெப்பத்துக்குச் சமம். தண்ணீரைப் பீய்ச்சியதும் அத்தனையும் ஆவியாகப் போகிறது. சுழலும் தட்டில் கசடை ஊற்றி, காற்றாலேயே சிதறடித்துக் குளிர்வித்து, அந்தச் சூடான காற்றைப் பயன்படுத்தும் உலர்முறையை பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல வருடம் முயன்றார்கள். காற்று தண்ணீரளவுக்கு வேகமாகக் குளிர்விக்காது. கண்ணாடி குறைந்தால் சிமெண்ட் போச்சு. அந்த இழுபறியில்தான் அது இன்னும் பரவலாகவில்லை.

இது தொடர்ந்து கிடைக்குமா?

நம் நாட்டில் ஊதுலைகள் கூடிக்கொண்டிருக்கின்றன, அதனால் இப்போதைக்குக் கவலையில்லை. தோரணகல்லு, விசாகப்பட்டினம் எல்லாம் எட்டும் தூரம்தான். சேலம் மாவட்டம் பொட்டனேரியிலேயே ஊதுலை உள்ள ஆலை இருக்கிறது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே போர்ட் டால்பட் இரும்பாலையின் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பரில் அணைத்துவிட்டார்கள். ஊதுலைக்குப் பதில் வரும் மின்வில் உலையில், அதாவது பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் உலையில், வரும் கசடு அப்படியே சிமெண்டுக்கு ஆகாது. ஹைட்ரஜனால் இரும்பு எடுக்கும் காலம் இங்கேயும் வந்தால் நாமும் மாற்று தேட வேண்டியதுதான்.

கடையில் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

மூட்டையில் போர்ட்லண்ட் கசடு சிமெண்ட், அதாவது பி.எஸ்.சி., என்றும் ஐ.எஸ். 455 என்றும் இருக்க வேண்டும். கசடு 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால், எவ்வளவு என்று மூட்டையிலேயே பாருங்கள். 28 நாள் பலத்துக்கு விதித்த குறைந்தபட்சம் சதுர மில்லிமீட்டருக்கு 33 நியூட்டன், பி.பி.சி.க்கும் அதே அளவுதான். தயாரித்த வாரத்தைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை விட்டுவிடுங்கள்.

ஓ.பி.சி.யும் கசடுத் தூளும் தனித்தனியாக வாங்கிச் சைட்டில் மண்வெட்டியால் கலப்பது வேண்டாம். சீராகக் கலக்காது. அதை ரெடிமிக்ஸ் ஆலையின் கலவை இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள். ரெடிமிக்ஸ் வாங்கினால் சலானில் சிமெண்ட் எத்தனை கிலோ, கசடுத் தூள் எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள். பலர் கேட்பதே இல்லை.

பூச்சு வேலைக்கும் இதுவே போதுமா?

போதும். வழவழப்பாக வரும், கொத்தனாருக்கே பிடிக்கும். இறுகக் கொஞ்சம் தாமதமாகும். மழைக்காலத்தில் வெளிப்பூச்சு என்றால் அதை மனதில் வைத்து நாள் பாருங்கள். மெல்லிய பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் மறுநாள் காலையிலேயே தண்ணீர் அடிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.